மஞ்சள் பை காப்பாற்றிய இன்ஜின்

ஜவ்வாது மலை ஏறும்போது இன்ஜின் போன என் கார் இன்று போளூரில் பிழைத்துக்கொண்டது. வாரண்டி முடியப் பத்து நாள்தான் பாக்கி.

"எல்லா சர்வீஸ் பில்லும் வேணும் பெரியவரே. ஒன்னு கொறஞ்சாலும் இலவசமா செய்ய முடியாது," என்றார் ஒர்க்‌ஷாப் மேனேஜர்.

மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் எது முக்கியம் என்று புரியாமல், எந்தக் காகிதத்தையும் நான் எறிந்ததில்லை.

"இன்னாங்க இது, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டுலாம் இருக்குது!"

"இருப்பா, நானே பொறுக்கித் தர்றேன்."

போன வருடம் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து, ஆறு பில்லையும் எடுத்துக் கொடுத்தேன்.

"நாளைக்கே இன்ஜினை இறக்கி, இலவசமா சரி பண்ணிடறோங்க," என்றார்.

மீதிக் காகிதங்களை எறியச் சொல்கிறாள் மனைவி. படித்துப் பார்த்தால் எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. நீங்களெல்லாம் எதை எறிகிறீர்கள்?