முதல் கையிலேயே எல்லாவற்றையும் தள்ளிய நாகராஜன் சார்

செவ்வாய்க்கிழமை காலை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அம்மாதான் எடுத்துப் பேசினாள். "நாகராஜன் சார் போயிட்டாராம்டி. தூக்கத்துலயே" என்றாள். கிரைண்டரை நிறுத்தினேன். அழுகை வரவில்லை. தப்பித்துவிட்டார் என்றுதான் தோன்றியது. இன்னும் நான்கு நாள் இருந்திருந்தால் சனிக்கிழமை வந்திருக்கும்.

நம் குடியிருப்புச் சங்கத்தின் நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர் செயலாளர் கீதா ஆன்ட்டி. "நல்லதா நாலு வரி எழுதிக் குடும்மா. எங்க பசங்களுக்குத் தமிழ் எழுதவே வராது. நீயாவது ஒம்பதாவது வரைக்கும் தமிழ்ல படிச்சிருக்கே" என்றார். நல்லதும் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

உங்களில் பலருக்கு அவர் மத்திய அரசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதிகாரி. மயூர் விஹாரில் நம் குடியிருப்புக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்தவர். எனக்கு அவர் சனிக்கிழமை மதியங்களில் அடித்தள அறையில் என் எதிரே உட்கார்ந்த ஆள். அம்மா செய்த வடையைக் கொடுக்கப் போன ஒரு நாள், போக்கர் மேசையில் ஒன்பதாவது ஆள் வரவில்லை. "உக்காரும்மா" என்றார் கீதா ஆன்ட்டி. போனில் ஆடிப் பழகியிருந்தேன். உட்கார்ந்தேன். அதன் பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை. அங்கே பணம் கிடையாது. எல்லோருக்கும் சமமாகப் பிளாஸ்டிக் சில்லுகள். கடைசி வரை நிற்பவர் பெயர் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் இருக்கும். சில்லு எல்லாம் தோற்று முதலில் வெளியேறுகிறவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவர் நாகராஜன் சார்.

போக்கர் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். பிறகு மேசை நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இவற்றைச் சேர்த்து யாருக்குப் பெரிய ஜோடியோ அதைவிட நல்ல சேர்க்கையோ அமைகிறதோ அவர் வெல்வார்; யாருக்கும் ஒன்றும் சேராவிட்டால் பெரிய சீட்டு வெல்லும். அதற்கு முன்பே ஒருவர் தன் சில்லுகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிடலாம். அதற்குச் சமமாக வைத்து எதிர்த்து நிற்பதாக இருந்தால் 'கால்' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். தீன் பத்தி என்ற மூன்று சீட்டு ஆட்டம் ஆடிப் பழகிய டெல்லிக்காரர்கள் அதைப் 'பேக்' என்பார்கள். முதல் கையில், அதாவது முதல் சுற்றில், எல்லோரிடமும் ஒரே அளவு சில்லு இருக்கும். அப்போது 'கால்' சொல்லித் தோற்றால் நேரே அடுப்படிதான்.

ஆறு வீடுகளுக்குச் சமைக்கிறவளின் மகள் நான். அந்த அறையில் ஒரு நாற்காலி எனக்கு என்னவாக இருந்தது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முதல் கையிலேயே எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளுவார்.

"அரே, ஜல்தி சொல்லு. காலா, பேக்கா?"

எனக்கு முகம் சுடும். "பேக்" என்பேன்.

"பேக்கு!" என்று சிரிப்பார். "ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. வாயிலதான் கால் வர மாட்டேங்குது." உடனே தன் சீட்டைத் திருப்பிக் காட்டுவார். ஒரு நாள் ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கை கிடையாது. "நான் சீட்டப் பாத்து ஆடறதில்லம்மா. உன்னப் பாத்து ஆடறேன்" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் பேக்கு. லிஃப்டில்கூட.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவரே முதலில் வெளியேறினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கு டீ போட வராதே... பேக்கு, நீ போட்டுடு. உனக்குப் பழக்கம்" என்றார். என்னிடம் அப்போது நிறையச் சில்லு இருந்தது. எழுந்து போனேன். டம்ளர்களோடு திரும்பியபோது, ஒவ்வொருவரும் முறை வரும்போது வைத்தாக வேண்டிய கட்டாயச் சில்லு நான் இல்லாத கைகளுக்கும் எடுக்கப்பட்டு என் அடுக்கு பாதியாகியிருந்தது. இதைப் படிக்கும் உங்களில் ஏழு பேர் அந்த அறையில் இருந்தீர்கள். இஞ்சி தூக்கலாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த கையைப் போட்டார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சீட்டில் அவர் ஒருபோதும் ஏமாற்றியதில்லை. ஒருமுறை ஆட்டத்தின் நடுவே கரண்ட் போய் அடித்தளம் இருண்டுவிட்டது. "என் கை ரெண்டும் மேல இருக்கு, சந்தேகம்னா தொட்டுப் பாத்துக்கோங்க" என்று அவர் குரல் வந்தது. "உங்க கைய யாரு சார் தொடுவா" என்றார் கீதா ஆன்ட்டி. வெளிச்சம் வந்தபோது இரண்டு கையையும் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார், போலீஸிடம் மாட்டியவர் மாதிரி. நானும் சிரித்துவிட்டேன். அதற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது.

மேசையில் எல்லோரும் பார்க்கும்போது என்னால் யோசிக்க முடியாது. பள்ளியிலும் அப்படித்தான். விடை தெரிந்தும் எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்குக் கை முறிந்தபோது, உதவிக்கு என்று சொல்லிப் பள்ளியை விட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. மேசையில் யோசிக்க முடியாது என்பதால், எந்தச் சீட்டுக்குக் 'கால்' சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டேன். அவர் காட்டிய சீட்டெல்லாம் எனக்கு நினைவிருந்தது. முதல் கையில் எதை வைத்தும் தள்ளுகிறவர் அவர். அப்படிப்பட்டவருக்கு எதிராகப் பெரிய கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரே எண்ணில் ஜோடி வந்தால் கால். ஏஸ் ஒன்று வந்தால் கால். மற்றதெல்லாம் பேக். மாவு அரைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் வந்தது, ஒன்பதில் ஜோடி. அவர் தள்ளினார். "கால்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியதைப் பார்த்தேன். ராஜாவும் நாலும் வைத்திருந்தார். பத்து முறை ஆடினால் ஏழு முறை எனக்கு வரவேண்டிய கை. நான்கு சீட்டு திறந்தும் அவருக்கு ஒன்றும் சேரவில்லை. ஐந்தாவது சீட்டு ராஜா.

"அச்சா, கால் சொன்னா பேக்கு! இப்ப டீயும் போடுவா!" என்று மேசையைத் தட்டினார்.

டீ போட்டேன். சரியாகச் செய்துவிட்டுத் தோற்பது பயந்து விலகுவதைவிட அதிகமாக வலிக்கும் என்று அடுப்பு முன்னால் தெரிந்துகொண்டேன். அவரை முதல் கையிலேயே வெளியேற்றி, அவரே எழுந்து போய்த் தண்ணீர் வைப்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதன் பிறகு மூன்று சனிக்கிழமை முதல் கையில் எனக்கு ஜோடியும் வரவில்லை, ஏஸும் வரவில்லை. நான்காவது சனிக்கிழமைக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் கீதா ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல அவருக்கு ரொம்பப் பாசம்மா. அதான் உன்னையே சீண்டுவார்" என்றார். தலையாட்டிவிட்டேன். இங்கே மறுக்கிறேன். நான் விலகுவேன் என்பதால் தள்ளினார். இறந்த பிறகு அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய நாற்காலியில் அவர் மகன் உட்கார்ந்தார். குருகிராமில் பெரிய வேலையில் இருப்பவர். முதல் கை போட்டதும் சீட்டைத் தொடாமலேயே எல்லாச் சில்லுகளையும் நடுவில் தள்ளினார். "அப்பாவுக்காக" என்றார். கீதா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் பேக். இந்த ஒரு கை சாருக்குப் போகட்டும்" என்றார். ஒவ்வொருவராகச் சீட்டைக் கவிழ்த்தார்கள். கடைசி ஆள் நான்.

என்னிடம் ஏஸும் ஆறும் இருந்தன. பெரிய கை இல்லை. பார்க்காமல் தள்ளிய கைக்கு எதிராக அது போதும். அவர் மகன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

"கால்."

"ஏய், என்னம்மா இது?" என்றார் கீதா ஆன்ட்டி. மகன் சீட்டைத் திருப்பினார். ஜாக்கும் எட்டும். நடுவில் விழுந்த ஐந்து சீட்டில் ஒன்றும் அவருக்கு உதவவில்லை.

மகன் சிரித்தபடி எழுந்தார். "ஆனா டீ எனக்குப் போட வராதே..." என்று இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பழக்கத்தில் எழுந்துவிடுவேனோ என்று பயந்து, நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சி ஃபிரிட்ஜுல இருக்கு சார்" என்றேன். "ஒம்பது டம்ளர்."

அவர் போனார். டீ பாயசம் மாதிரி இனித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

நாகராஜன் சாரின் சிரிப்பை, அவர் வாங்கிக் கொடுத்த தொட்டியை, அவர் நேர்மையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியேறுகிறவர் டீ போட வேண்டும் என்ற அவருடைய விதியை நான் எடுத்துக்கொண்டேன். அவர் நடத்தியதைவிட ஒழுங்காக அதை நடத்துவேன்.