மூன்றாம் தூணின் விரிசல்

ஈரத்துணி அக்காவுக்குத் தலைக்குமேல் வேலை. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம், அதுவும் இருபத்திரண்டு வருஷமாக அவள் பெருக்கித் துடைக்கும் அந்த வெள்ளைக்காரன் காலத்துத் தேவாலயத்திலேயே. தோளில் எந்நேரமும் ஈரத்துணி கிடப்பதால் வந்த பெயர் அது. பீடத்தின் பித்தளைக் கம்பியிலிருந்து பாடகர் மாடத்தின் சுருள் படிக்கட்டுவரை அவள் கை படாத இடம் கிடையாது.

புதன்கிழமை கட்டடத்தைச் சோதிக்க இன்ஜினியர் வந்தார். இடப்பக்கத்து மூன்றாம் தூணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஃபாதர், விரிசல் மேலேர்ந்து கீழவரைக்கும் ஓடுது. இன்னிக்கே பூட்டிடுங்க.”

அக்கா தோள்துணியை உருவிக்கொண்டு தூணருகே வந்தாள்.

“சார், அது விரிசலே இல்ல. பளிங்கு ஏத்திட்டு வந்த கப்பல் வந்து சேரலயாம். மரத்த நிறுத்தி, பளிங்கு மாதிரி பெயின்ட் அடிச்சு விட்டுட்டான் வெள்ளைக்காரன். கோடு பிரஷ்ல இழுத்தது.”

ஈரத்துணியால் ஒரு துடைப்பு, விரலால் ரெண்டு தட்டு. ‘டொக் டொக்’ என்றது தூண். இன்ஜினியர் நகத்தால் சுரண்டிப் பார்த்து அசடு வழிந்தார். அவரைவிட அதிர்ந்தவர் ஃபாதர்தான்.

“பதினோரு வருஷமா வர்றவங்க எல்லார்கிட்டயும் பளிங்குன்னு சொல்லிட்டிருக்கேனே!”

பழுதில்லை என்று எழுத இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் தீர்ந்தது விஷயம். ஆனால் போன மாசம் ஒட்டடை அடிக்கும்போது, வலப்பக்க வளைவின் உச்சியில் நிஜமாகவே ஒரு விரிசலைப் பார்த்திருந்தாள். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அந்த வளைவுக்குக் கீழேதான் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவார்கள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

“எழுதிடாதீங்க சார். நிஜ விரிசல் அங்க இருக்கு.”

ஏணி வந்தது. ஏறி இறங்கிய இன்ஜினியர் வலப்பக்கம் முழுவதையும் கயிறு கட்டி அடைக்கச் சொன்னார். இடப்பக்கத்தில் தாராளமாக நடத்தலாம் என்றார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமை இரு வீட்டு ஜனமும் இடப்பக்கத்து பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டது. நாலு பேர் பெஞ்சில் ஏழு பேர். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத சம்பந்தியம்மா, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அக்காவோடு ஒட்டி உட்காரவேண்டியதாயிற்று. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள்.

“அத யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான். போன மாசமே பாத்தேன் சம்பந்தி. கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்து மறைச்சுட்டேன்.”

சம்பந்தியம்மா பேத்தியின் தலையைத் தடவினாள்.

“நாங்க வந்து உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லிட்டீங்கல்ல,” என்று அக்காவின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். மணமக்கள் மோதிரம் மாற்றி முடிக்கும்வரை விடவில்லை.