அப்பாவின் மூச்சுக்கு விழுந்த கைதட்டல்

என் தம்பி இசையமைப்பாளன் என்றால் உடனே "எந்தப் படம்?" என்பார்கள். எந்தப் படமும் இல்லை. மேடை நிறைய வயலினும், பெரிய வயலின் மாதிரி செல்லோவும், குழலுமாக உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசிப்பார்களே, அந்த இசையைப் புதிதாக எழுதுகிறவன். பகலில் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பான், மிச்ச நேரமெல்லாம் எழுதுவான். எழுதியதை ஒரு தடவை வாசிப்பார்கள். மறுதடவை நாய்கூடச் சீண்டாது.

அவனுக்குப் பாம்புச் செவி. லிஃப்ட் கதவு கிறீச்சிடுவது, மாடிவீட்டுக்காரி நாற்காலியை இழுப்பது, எல்லாம் அவன் இசையில் வந்துவிடும். அவன் இருக்கிற வீட்டில் தும்மவே யோசிக்க வேண்டும்.

அப்பா கல் உடைக்கும் ஆலையில் உழைத்தவர். தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. அவர் படுத்த படுக்கையானதும் இவன் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் மூச்சை எழுத ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா, எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு உக்காந்திருக்கியா?"

"எழுதட்டும் விடும்மா," என்றார் அப்பா. "மூச்சுக்கென்ன, ஓசியிலதானே விடறேன்!"

சில நேரம் அந்த மூச்சு அப்படியே நின்றுவிடும். எனக்கு உயிர் போய் உயிர் வரும். பிறகு மெல்லத் திரும்பும். தம்பி அதையும் எழுதினான். மேடையில் அத்தனை பேரும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். நீண்ட அமைதி. அதற்கப்புறம் ஒற்றை செல்லோ மெதுவாக ஆரம்பிக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள்.

"கடைசியில நான் செத்துடறேனாடா?"

"இல்லப்பா. நின்னு, திரும்ப விடறீங்க."

"அதக் கேட்டுட்டுத்தான் போவேன்."

டாக்டர் கைவிரித்த பிறகு, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கிடந்தார்.

அதை வாசித்த கச்சேரி ரேடியோவில் நேரடியாக வந்தது. தம்பி அரங்கத்தில் இருந்தான். நான் ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். "என் மூச்சேதாம்மா," என்று அப்பா சிரித்தார். அந்த நிறுத்தம் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எந்த மேதாவியோ கைதட்டினான். உடனே அரங்கமே தட்டியது. முன்னால் நின்று வாத்தியக்காரர்களை நடத்துகிறவர் கை தூக்கியபடி நிற்கும்வரை தட்டக்கூடாது என்பது அங்கே விதி. அந்த மனிதர், கூட்டத்தை அடக்கினால் மரியாதையில்லை என்று கையையே இறக்கிவிட்டாராம். பாழாய்ப்போன மரியாதை! அறிவிப்பாளர் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

தம்பி மேடைக்கோட்டுகூடக் கழற்றாமல் ஓடி வந்தான்.

"அப்பா, அது முடியலப்பா! இன்னும் இருக்கு!"

மிச்சத்தைத் தன் தகரக் குரலில் பாடிக் காட்டினான். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல பிள்ளைடா நீ. எனக்காக இப்பக் கட்டி விடற."

"சத்தியமா இல்லப்பா! இதோ, எழுதியே இருக்கு பாருங்க!"

தாளை முகத்துக்கு நேரே நீட்டினான். அவருக்கு அந்தப் புள்ளியும் கோடும் என்ன தெரியும்? நானும்தான் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் சொல்லியும் அவர் நம்பவில்லை.

"நான்தான் என் காதால கேட்டேனே," என்றார். "மூச்சு நின்னுச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி விடாமல் பாடிக்கொண்டே இருந்தான்.