ஒரே நம்பரில் இரண்டு பேர்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொல்லி முடித்ததும் "அவ்வளவுதானா" என்று ஒரு முகம் காட்டுவார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸ் மும்பைக்குப் பக்கத்தில், வாஷியில். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அதில் எந்தக் கோளாறு வந்தாலும், புதிதாக எது செய்ய வேண்டியிருந்தாலும், கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பக்கம் எழுதப்படும். அதுதான் டிக்கெட். என்ன பிரச்சினை, யார் கையில் இருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்தால் மூடிவிடுவோம். டிக்கெட் எழுதுவதும் நான் இல்லை, அதிலுள்ள வேலையைச் செய்வதும் நான் இல்லை. ஒரு டீமிடமிருந்து இன்னொரு டீமுக்குத் தள்ளுவது, எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்துவது, தூங்கிக் கிடப்பதைத் தட்டி எழுப்புவது, இதுதான் என் பாடு.

குழந்தை பிறந்த பிறகு இரண்டு வருடம் செம்பூர் வீட்டிலேயே இருந்துவிட்டு அதே ஆபீஸுக்குத் திரும்பப் போயிருந்தேன். ஆறு மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் சொல்லப்போவது அந்த ஆறு மாதத்தின் கடைசி வாரம். அந்த வேலை எனக்கு வேண்டும் என்றால் அப்படி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் மதியச் சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் என் கருத்தை யாரும் கேட்கவில்லை. என் குழந்தை மேல் எனக்கு உயிர்தான். ஆனால் திரும்பவும் அந்த மதியங்களுக்குள் போய் உட்கார என்னால் முடியாது.

எங்களிடம் நான்கு டீம்கள். மொபைல் ஆப் டீம், சர்வர் டீம், டெஸ்டிங் டீம், அப்புறம் லேப்களிலிருந்து வரும் போனை எடுத்துப் புகார் எழுதும் டீம். தங்கள் டிக்கெட்டுகளை வரிசையாகக் காட்டும் பலகை ஒன்றை ஆளுக்கொன்றாகக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். ஒரே கோளாறை மூன்று டீமும் மூன்று விதமாக எழுதி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் செய்வார்கள் என்று காத்திருப்பார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் நான்கையும் ஒரே பலகையாக்கு என்றார். திங்கள் காலை மீட்டிங்கில் திறந்திருக்கும் டிக்கெட்டுகள் நூறுக்குள் இருக்க வேண்டும். அன்று மதியம் புது வெர்ஷன் எல்லா லேப்களுக்கும் போகிறது. இதை நீ எப்படிச் செய்கிறாய் என்று பார்த்துவிட்டு உன் விஷயத்தை முடிவு செய்யலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். எரிச்சலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

முந்நூற்றுச் சொச்சம் டிக்கெட்டுகள் இருந்தன. தலைப்பைப் படிப்பேன். இதே மாதிரி வேறொன்று ஏற்கெனவே இருந்தால், இதை டூப்ளிகேட் என்று குறித்து, அதோடு லிங்க் என்கிற ஒரு முடிச்சுப் போட்டு, மூடிவிடுவேன். மேலே மூலையில் எண்ணிக்கை ஒன்று குறையும். அந்த எண் குறைவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. புதன்கிழமை இருநூறுக்கு வந்தேன். வியாழக்கிழமை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் மூடும்போது அதை எழுதியவருக்கு ஒரு தகவல் போகும், அவர் பதில் போட்டால் எனக்கு ஒன்று வரும். டிங் டிங் என்று தலைவலியாக இருந்ததால் அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டேன். வெள்ளி மாலை எண் தொண்ணூற்று ஆறு. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, பலே என்றார்.

புது வெர்ஷனில் எதை முதலில் வைப்பது என்பதையும் நான்தான் வரிசைப்படுத்தினேன். உச்சியில் வைத்தது சர்வர் டீமின் வேலை ஒன்றை. ஒரே ஆளுடைய பெயரை மூன்று தடவை மூன்று விதமாக எழுதி லேப்காரர்கள் மூன்று நோயாளிகளாக ஆக்கிவிடுகிறார்கள் அல்லவா, இனி ஒரே போன் நம்பரில் இருப்பவர்களை மென்பொருளே ஒரே ஆளாகச் சேர்த்துவிடும். லேப்கள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த வசதி. எனக்கும் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். வாப்பாவின் பை தைக்கும் பட்டறைக்கு மாடியில்தான் என் பிறந்த வீடு. அந்த வாரம் உம்மாவும் என் அக்காவான ராத்தாவும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார்கள், ரிப்போர்ட் வர வேண்டியிருந்தது. நான் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே வாப்பா போனை நீட்டினார்.

"எம்மா, இதுல எது உம்மாவுக்கு, எது ராத்தாவுக்குன்னு பாத்துச் சொல்லு. ரெண்டும் எம்பேர்லல்லா வந்திருக்கு."

ரிப்போர்ட் இரண்டு. இரண்டிலும் வாப்பாவின் பெயர்தான் இருந்தது. ஒன்றில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது, இன்னொன்று சரியாக இருந்தது. உம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் முதலாவது அவருடையதுதான் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். சட்டென்று மேலே இருந்த பெயரைத் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் வாப்பாவின் நம்பர்தான். காஸ் சிலிண்டருக்கு, ரேஷன் கார்டுக்கு, என் பள்ளிக்கூடத்துக்கு, எல்லாருடைய டாக்டருக்கும். உம்மாவிடம் போனே கிடையாது. ராத்தாவிடம் இருக்கிறது, ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பொம்பளை நம்பரைக் கொடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எங்கள் சந்தில் இருக்கும் எல்லா வீடும் அப்படித்தான். இதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த லேப் எங்கள் கஸ்டமர் இல்லை, அங்கே ஓடுவது வேறு கம்பெனியின் மென்பொருள். ஆனாலும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு டிக்கெட் ஞாபகம் வந்துவிட்டது. "போனில் ரிப்போர்ட் வரவில்லை" என்பது தலைப்பு. எழுதியது புகார் டீம். ஆப் டீமிலும் இதே தலைப்பில் ஒன்று இருந்ததால் டூப்ளிகேட் என்று மூடியிருந்தேன். உள்ளே திறந்து படிக்கவில்லை. ஆனால் பட்டியலில் தலைப்புக்குக் கீழே முதல் வரி கொஞ்சம் தெரியும். அதில் "மனைவியின்" என்று ஒரு வார்த்தை இருந்தது, அது கண்ணில் பட்டும் இருந்தது.

ரிப்போர்ட்டோடு லேபுக்கே போய்க் கேளுங்கள், நீங்களாக ஒன்றும் முடிவு செய்யாதீர்கள் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு, உம்மா ஊற்றிய டீயைக் குடிக்காமலே ஆட்டோ பிடித்தேன். உம்மாவுக்குக் கோபம். ஆபீஸ் லேப்டாப் செம்பூரில் இருந்தது. சயான் சிக்னலில் நின்ற நேரத்தில் அது வேறு ஏதோவாகத்தான் இருக்கும் என்று பத்துத் தடவையாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேறு ஏதோ இல்லை. டிக்கெட்டுக்குள் மூன்றே வரி. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நம்பர். மனைவியின் ரிப்போர்ட் கணவர் பெயரில் போய்விட்டது, மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே நம்பரில் இருப்பவர்களைச் சேர்க்கும் வேலை வரப்போவதாகக் கேள்விப்பட்டேன், அதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் பாருங்கள். அதற்குக் கீழே என் பெயர், டூப்ளிகேட், மூடப்பட்டது. அதற்கும் கீழே, டிக்கெட்டை எழுதிய புகார் டீம் பெண் வெள்ளி மாலை போட்டிருந்த பதில்: "அதுவும் இதுவும் ஒன்றல்ல. பார்க்கவும்." அது வந்த நேரம் நான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன்.

எச்சரித்த டிக்கெட்டை மூடினதும் நான், ஆபத்தான வேலையைத் தூக்கி உச்சியில் வைத்ததும் நான். திங்கள் மதியம் அது எத்தனை லேப்களுக்குப் போகுமோ அத்தனையிலும் உம்மாக்களும் ராத்தாக்களும் வாப்பாவாகிவிடுவார்கள். யாருடைய சர்க்கரையோ யாருடைய பெயரிலோ போய், யாரோ ஒரு டாக்டர் அதைப் பார்த்து மருந்து எழுதுவார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் மூடிய டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். மேலும் மூன்றைத் தப்பாக மூடியிருந்தேன், ஆனால் அவை சில்லறைக் கோளாறுகள். அந்த ஒரே நம்பர் டிக்கெட்டைச் சத்தமில்லாமல் திரும்பத் திறந்துவிடு, மீட்டிங் முடிந்து உன் வேலை நிரந்தரம் ஆனபிறகு சர்வர் டீமிடம் மெதுவாகச் சொல், பழைய வரலாற்றை யார் தோண்டப்போகிறார்கள் என்றார் என் கணவர். அவர் கெட்டவர் இல்லை, என் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. காலையிலிருந்து அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். மீட்டிங் பதினொரு மணிக்கு, வெர்ஷன் போவது ஒரு மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் சர்வர் டீம் சாப்பிடப் போய்விட்டால் அந்தக் கணக்கே பொய்.

சாயங்காலம் அந்தப் புகார் டீம் பெண்ணுக்குப் போன் செய்தேன். தேவ்நாரில் இருக்கிறாள், நான் பிரசவத்துக்குப் போகும் சமயத்தில் ஆபீஸில் சேர்ந்தவள். மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"பர்வா இல்ல மேடம். நான் எழுதுறத யாரும் திறந்து பாக்கறதே இல்ல. ஆதத் ஆயிருச்சு, பழகிப்போச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கள் காலை மான்குர்த் தாண்டி ரயில் பாலத்தில் ஏறும்போது, இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீட்டிங் அறையில் பெரிய திரையில் என் பலகை. மூலையில் தொண்ணூற்று ஆறு. மேனேஜர் என்னைக் காட்டி நாலு நல்ல வார்த்தை சொன்னார், எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். அந்தத் தட்டல் அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. எழுந்து, மதியம் வெர்ஷனை அனுப்பக் கூடாது என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மூடிய டிக்கெட்டைத் திரையில் திறந்து, என் பெயர் இருக்கும் இடத்தையும் காட்டினேன்.

சர்வர் டீம் தலைவர் மாதுங்காக்காரர், நாற்பதைத் தாண்டியவர், தமிழர்தான். ஆபீஸில் தமிழ் பேச மாட்டார். ஒரே ஒரு புகார், அதற்காக ஆறு மாத வேலையை நிறுத்துவதா, படித்தவர்கள் ஆளுக்கொரு நம்பர் வைத்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் அடுக்கினார். எனக்குச் சுருக்கென்றது. சார், உங்கள் அப்பா அம்மா லேபுக்குப் போனால் யார் நம்பர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டதே தமிழில் வந்துவிட்டது. அவர் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு அவரும் தமிழில், தணிந்த குரலில் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் என் நம்பர்தான் குடுத்திருக்கேன்."

வெர்ஷன் அன்று போகவில்லை. மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். சொன்னது சரி, ஆனால் படிக்காமல் மூடுகிறவளை நம்பி நான்கு டீமைக் கொடுக்க முடியாது, இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் பாத்ரூமில் போய் அழுதேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, சர்வர் டீம் பலகையில் உச்சியில் வைத்தேன். அப்போதுதான் அடியில் இன்னொரு முடிச்சு இருப்பதைக் கவனித்தேன். இதனோடு தொடர்புள்ள பழைய டிக்கெட் என்று அந்தப் பெண்ணே கோத்து வைத்திருந்தாள். அழுத்தினேன். வேறொரு லேப், ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரே நம்பர், மாறிப்போன ரிப்போர்ட். மருமகள் மூன்று தடவை போன் செய்துவிட்டாள் என்று எழுதியிருந்தது. டூப்ளிகேட், மூடப்பட்டது. நான் பிரசவத்துக்கு லீவு எடுத்த வாரம். மூடியது நான். எவ்வளவு யோசித்தும் ஞாபகமே வரவில்லை.

புகார் டீம் அறைக்குப் போனேன். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் பழைய டிக்கெட்டை இப்போதுதான் பார்த்தேன் என்றேன்.

"தெரியும் மேடம். அப்ப நான் பதில் எழுதல, புதுசு, பயமா இருந்துச்சு. அதனாலதான் இந்தத் தடவ எழுதினேன்."

அந்த மருமகள் என்ன ஆனாள் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவள் போன் செய்யவில்லை என்றாள். அடுத்த அழைப்பு வந்துவிட்டது, ஹெட்போனைச் சரி செய்துகொண்டு எந்த லேப் என்று ஹிந்தியில் விசாரிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் எழுதுவதை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.