இன்னொருவர் கட்டிய வீட்டு வரி

பணம் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் அரசு அலுவலகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் நான் பார்த்தேன். மரக்காணம் பக்கம், உப்பளங்களை ஒட்டி ஒரு பஞ்சாயத்து ஆபீஸ். தோழி மேரியோடு போயிருந்தேன்.

"வீட்டு வரி கட்டணும்" என்று வந்து நின்றார் வள்ளி. உப்பளத்தில் கூலி வேலை. பாதங்களில் உப்பு இன்னும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இந்த வருஷத்துக்குக் கட்டியாச்சேம்மா. ரசீது வீட்டுக்கே வந்துச்சே?" என்றார் கிளார்க்.

"அத்த நான் கட்டலையே!"

"யாரு கட்டுனா இன்னா? போம்மா."

வள்ளி போகவில்லை. ஏன் என்று புரிய, தேர்தல் சமயத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தலைவர் பதவிக்கு நிற்கும் வசதிக்காரர், ஊர் முழுவதற்கும் வீட்டு வரியைத் தானே கட்டிவிடுவார். பிளாஸ்டிக் குடம் ஒன்றில் ரசீதைப் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்புவார். அதை லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை... பெரிய மனசு என்றுதான் பேர். இந்த முறை குடம் அனுப்பியவர் ஓர் உப்பள முதலாளி.

அவரை எதிர்த்து நின்றவர் என்னோடு வந்த இந்த மேரிதான். ஊராட்சிகளின் கணக்கைத் தணிக்கை செய்தே ஓய்வு பெற்றவர். எந்த நிதி எந்த மேஜையில் தூங்கும், எப்படிக் கேட்டால் எழும் – எல்லாம் தெரியும். சுனாமிக்குப் பிறகு ஊர்த் தண்ணீர் கரிக்கிறது. மேட்டு நிலத்திலிருந்து குழாய் இழுக்க வேண்டும். ஊர் வரி கட்டித் தன் பங்கைப் போட்டால்தான் மிச்சத்தை மேலே அரசாங்கத்திடம் உரிமையோடு கேட்கலாம். மேரி இதை வாசல் வாசலாகச் சொன்னார்.

வள்ளி அன்று சிரித்தார். "ஏம்மா, ஓட்டு கேக்க வந்தியா, வரி கேக்க வந்தியா?"

"ரெண்டும்தான். நீ கட்டு. அப்புறம் என்னை நிக்க வச்சுக் கேள்வி கேளு."

"அவரு குடம் குடுத்தாரு. நீ இன்னா குடுப்ப?"

"அந்தக் குடத்துக்குத் தண்ணி."

தெருவே கைதட்டியது. ஓட்டுதான் போடவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். வந்துவிட்டால்? என்ன தெரியும் என்று கேட்கிறோமா? கை தாராளமா என்றல்லவா பார்க்கிறோம்!

வெயில் குடித்தது போக மிஞ்சுவதுதான் உப்பு. அந்த வெயிலில் பகல் முழுக்க நின்ற பெண்கள், பொழுது சாய்கையில் அதே பிளாஸ்டிக் குடங்களோடு அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள்... தண்ணீருக்கு.

ஜெயித்துத் தலைவரான முதலாளியிடம் குழாய் கேட்டுப் போனார் வள்ளி. அவர் கோபப்படவில்லை. சிரித்தாராம்.

"உன் வரியையும் நான் கட்டினேன். குழாயும் நானே போடணுமா?"

இதைக் கிளார்க்கிடம் சொல்லிவிட்டு வள்ளி காசை மேஜைமேல் வைத்தார். "வாயத் தொறக்க முடியலங்க. என் பேருல கட்டி, என் வாய அடைச்சிட்டாரு."

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஒரே வருஷத்துக்கு ரெண்டு தடவ வாங்க முடியாதும்மா."

மேரி மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்கு முன்கூட்டியே வாங்கலாம் சார். தடை ஒண்ணும் இல்ல."

கிளார்க் பேனாவைத் திறந்தார்.

தன் காசில் வாங்கிய ரசீதை வள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த அறைதான் தலைவருடையது.

கதவை வள்ளி தட்டவில்லை – தள்ளினார்.