அப்பா பேரில் ஒரு ரசீது

என் மகளுக்கு மூன்று வயது. இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் அவள் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. தடுப்பூசி அட்டைக்கு மூன்று நகல் வைத்திருந்தேன். போதுமா என்று சந்தேகம் வந்து போன வாரம் நான்காவதும் எடுத்தேன். "பிள்ள வளக்கியா, கேஸ் நடத்துதியா?" என்று கணவர் கேட்கிறார். ஒரு காகிதம் இல்லாமல் என் அப்பா பட்ட பாட்டை அவர் பார்த்ததில்லை.

நாங்கள் பளியர்கள், மலைப் பழங்குடியினர். சிவகிரிக்கு மேற்கே மலைச்சரிவில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. இலவமரங்களும் எலுமிச்சையும் நின்றன. நாங்கள் அதை எங்கள் நிலம் என்றோம். வனத்துறை அதைக் காடு என்றது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை தரும் சட்டம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. சட்டத்தில் சொன்ன தேதிக்கு முன்பே அங்கே இருந்தோம் என்று இரண்டு ஆதாரம் காட்டினால் பட்டா கிடைக்கும். பெரியவர்களின் வாய்ச்சொல் ஒன்று. இன்னொன்று எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் சரிவைவிட்டு இறங்க வேண்டியதுதான் என்று ஊரில் பயந்துகொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் எழுத்தில் எதுவும் இல்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அடிவாரத்து முகவரிதான் இருந்தது. மனு எழுத உதவ வந்த பழங்குடியினர் சங்கத்துக்காரர், "காட்டுல பிடிபட்டு அபராதம் கட்டின ரசீதாவது இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த நாள் வரைக்கும் ஒரு ஃபாரஸ்ட் கார்டு கண்ணுல பட்டிருப்பனா? கேட்டுப் பாருங்க."

சங்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். காட்டில் பிடித்ததாக ரசீது கொடுத்தால், காட்டில் இருந்ததாக அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி என்று விளக்கினார். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும்தான்.

ஆனால் மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவின் தம்பியான அவர் காட்டுக்குள் பீடி பிடிப்பார், இருமுவார், சினிமாப் பாட்டுப் பாடுவார். குற்றாலத்தில் சீசனுக்கு விற்கத் தேன் எடுக்கப் போனால் பாதி நாள் பிடிபட்டுத்தான் திரும்புவார். ஊரே அவரைக் கேலி செய்யும். இப்போது ஒரு தகரப்பெட்டி நிறைய ரசீதுகளோடு மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். பிடிபடாதவர்கள் எல்லாரும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். ஒருவர் இப்போதே போய்ப் பிடிபட்டு வரவா என்றுகூடக் கேட்டார். பழைய தேதி இல்லாவிட்டால் அது செல்லாது என்று மாமா பெரிய வக்கீல் போலச் சொன்னார்.

ரசீதுகளை வாசித்துச் சொல்வது என் வேலை. நான் வகுப்பு லீடர், பிழையில்லாமல் வாசிப்பேன். பெட்டியில் பாதி வாசித்தபோது ஒரு ரசீது வந்தது. தேதி: சட்டம் சொன்ன நாளுக்கு முந்தியது. குற்றம்: தேன் எடுத்தது. இடம்: எங்கள் இலவமரங்கள் நிற்கும் சரிவு. பெயர்: அப்பாவின் பெயர்.

மாமா பீடியைக் காதில் செருகினார். "அவன் பேரென்னலேன்னு கேட்டான் அத்தான். அன்னைக்கு வாயில ஒங்க பேர்தான் வந்துச்சு."

"எம் பேர கெடுத்துட்டியேலே," என்றார் அப்பா. அந்த ரசீதைத் தொடவே மாட்டேன் என்றார். மூன்று நாள் மாமாவோடு பேச்சில்லை. நான்காம் நாள் அம்மா, "பேர வச்சுக்கிட்டு எங்க குடியிருக்கப் போறீய?" என்று மட்டும் கேட்டாள்.

தென்காசியில் விசாரணை. வாசிக்க ஆள் வேண்டுமென்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். அதிகாரி கேட்டால் அது மாமா என்று நான் உண்மையைச் சொல்ல வேண்டாமா? சொன்னால் நிலம் போய்விடுமே?

அதிகாரி ரசீதைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த இடத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்யா."

ரசீது எழுதிய வனக்காவலரும் அங்கே இருந்தார். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "இவரப் பாத்த மாதிரியே இல்லையே சார்."

அப்பா அமைதியாகச் சொன்னார்: "இந்த கார்டு ஐயா பாறையில உக்காந்து ஷூவக் கழட்டினாவ. இடது காலுல மூணு அட்ட ரத்தங் குடிச்சுக்கிட்டு கெடந்துச்சு. சுண்ணாம்பு தடவி எடுத்தாவ. பெறவு பிடிச்ச தேனடையப் பிட்டு, அங்கன வச்சே..."

"இவரேதான் சார்," என்றார் காவலர் வேகமாக. "இப்பம் நல்லா ஞாபகம் வந்துட்டு."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். அப்பா எனக்கு நன்னாரி சர்பத் வாங்கித் தந்தார். நான் அதைத் தொடவில்லை. என் அப்பா அதிகாரி முன்னால் இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார் என்று நினைத்ததில்லை. பள்ளியில் பொய் சொன்னால் இம்போசிஷன் எழுத வேண்டும். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அவருக்காக நானே 'பொய் சொல்லக் கூடாது' என்று நூறு தடவை எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எழுத்து முத்து மாதிரி இருக்கு தாயி," என்றார்.

பட்டா கைக்கு வரும்போது நான் கல்லூரியே முடித்திருந்தேன். அதைப் பத்திரப்படுத்த அப்பா பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். உள்ளே ரசீதும், அதற்கடியில் என் நூறு வரிகளும் இருந்தன. ஏன் எழுதினேன் என்று அன்றுதான் சொன்னேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொய்யா? அன்னைக்குத் தேன் எடுக்க மரமேறுனதே ஒங்கப்பாதான். நான் கீழ சட்டி பிடிச்சுக்கிட்டு நின்னேன். கார்டு வந்ததும் இவரு எலையோட எலையா அசையாம இருந்துட்டாரு. நான் மட்டும் மாட்டணுமான்னு எரிச்சல்ல இவரு பேரச் சொன்னேன்."

அட்டை எந்தக் காலில் இருந்தது என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று அந்த வகுப்பு லீடருக்குத் தோன்றவே இல்லை. அதிகாரி கேட்டது இருந்தீர்களா என்று. பிடிபட்டீர்களா என்று கேட்கவில்லை. அப்பாவும் பிடிபட்டதாகச் சொல்லவில்லை.

வெட்கத்தில் தாள்களைக் கிழிக்கப் போனேன். அப்பா பதறிப் பிடுங்கிக்கொண்டார்.

"கிழிக்காத தாயி. எழுத்துல உள்ளதுல்லா? எப்பமாவது கேட்டான்னா?"