குருசாமி அண்ணன் வண்டியின் இடது பக்கம்

போர்மேன் குருசாமி அண்ணன் இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது, சிவகாசியில் எங்கள் அச்சகத்து வாசலில் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். சீசன் நேரம். போனை எடுக்கவே எரிச்சலாக இருந்தது. அவர் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர்தான் பேசினார். சாயங்காலம் வேலை முடிந்து கம்பெனி வேனில் வரும்போது அண்ணன் ஜன்னலில் தலையைச் சாய்த்திருக்கிறார். திருத்தங்கலில் வேன் நின்றதும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அவர் மட்டும் இறங்கவில்லை. "அசந்து தூங்குதாகன்னு டிரைவர் ஹாரன் அடிச்சாரு அண்ணாச்சி. பொறவுதான் தொட்டுப் பாத்தோம்" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள்தான் என்னோடு சிரித்துப் பேசிய மனுஷன்.

உடனே என் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வீட்டுத் தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் வாறுகால் சாக்கடை மேல் ஒரு கல் மூடி உயர்ந்து நிற்கும். என் வண்டி எவ்வளவு தாழ்வு என்பது உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அடிப்பாகம் கரகரவென்று தேய்ந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்கள் மூன்று நான்கு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பம்பரைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். "இத எதுக்குய்யா இம்புட்டுத் தாழ்த்தி வச்சிருக்கீக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு மாலையோடு உள்ளே போனேன்.

அண்ணனுக்காக நம் ஞாயிற்றுக்கிழமைக் கார் குழு அச்சிடும் இந்த மலரில் என்னை எழுதச் சொன்னீர்கள். நான் எழுதுவது உங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, அண்ணனின் வண்டி என்ன ஆயிற்று என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு ஹேட்ச்பேக்கை அவர் மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். சின்ன வண்டிதான், ஆனால் டர்போ என்ஜின், மிதித்தால் பிய்த்துக்கொண்டு போகும். வளைவுகளில் மட்டும் ஆடியது. அது போதாதா நமக்கு? இணையத்தில் தேடி, கூரியரில் வரவழைத்து, அவர் வீட்டு முன்னால் உள்ள தகரக் கொட்டகையில் வைத்தே எல்லாவற்றையும் மாற்றினோம். நீளம் குறைந்த விறைப்பான ஸ்பிரிங், இறுக்கமும் தளர்வும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஷாக் அப்சர்பர், வளைவில் சாயாமல் பிடிக்கும் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி, மூட்டுகளில் ரப்பருக்குப் பதில் கெட்டி புஷ். கழற்றின பழைய பாகங்களை அண்ணன் காலண்டர் வேஸ்ட் தாளில் சுற்றிப் பரணில் போட்டார். வீட்டு வாசலிலேயே ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டின சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

கொட்டகையில் அவர் வைத்திருந்த சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதியை அவர் வீட்டுக் கொட்டகைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஐந்தாவதாக யார் நுழைந்தாலும், "ஏலே, எண்ணிப் பாத்துட்டு வா. ஒருத்தன் வெளிய வந்தாத்தான் நீ உள்ள" என்பார். இரும்பை இரும்பால் அடிக்கவும் விடமாட்டார். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் இறுகிக் கிடக்க, அதைக் கழற்ற நான் சுத்தியலை ஓங்கியபோது கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்லே. பொறியப் பாத்தாலே எனக்கு ஆகாது" என்று பொறி பறக்காத பித்தளைச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் வெடிமருந்தும் கிடையாது, மண்ணும் கிடையாது, வெறும் கார்தான் நிற்கிறது. நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். தாழ்த்திய பிறகு அவர் அந்த வண்டியை ஒரு நாள்கூடக் கம்பெனிக்கு எடுத்துப் போனதில்லை. கேட் முன்னால் உள்ள வேகத்தடையில் அடி தேய்ந்தால் பொறி பறக்கும் என்ற பயம். டர்போ வண்டி வீட்டில் நிற்க, வேனில்தான் போய்வந்தார்.

அந்த நாட்களில் அண்ணன் மனைவி முருகேஸ்வரி மதினி டீ கொண்டுவந்தால் தூக்குவாளியைக் கேட் சுவரில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே வரமாட்டார். மதினியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசு வேலை பார்த்தவர், தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். உள்ளே நாலு பேர் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். நம்மில் ஒருவர்கூட எழுந்து வெளியே போய், "வாங்க மதினி, வந்து பாருங்க" என்று சொன்னதில்லை. அது அப்போது தப்பாகவே தெரியவில்லை என்பதுதான் கேவலம்.

போன வருஷத்திலிருந்து அண்ணன் வண்டியை நாம் என்ன பாடு படுத்தினோம் என்பதையும் சொல்லவேண்டும். வலது வளைவில் திரும்பினால் அது இடது பக்கம் பொத்தென்று இறங்கும். பின்னால் வந்த நாம் அதைப் பார்த்துவிட்டோம். "போர்மேன் வண்டி கட்டிங் போட்டிருக்கு" என்று ஆரம்பித்தது. ஒருவர் வண்டிக்குத் தள்ளாடும் கால்கள் வரைந்து வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகப் போட்டார். அந்த ஸ்டிக்கரை அதிகமாக அனுப்பினவன் நான்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஹைவே டீக்கடையில் இதே பேச்சு. அண்ணன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சரிலே, பாத்துக்கிடுதேன்" என்பார். அடுத்த ஞாயிறும் வண்டி அப்படியேதான் வரும்.

அவர் போன பிறகு நாம் கூடி ஒரு முடிவெடுத்தோம். வண்டியில் ஒரு திருகைக்கூட யாரும் தொடக் கூடாது, நாமே அதை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வண்டியாக ஓட்ட வேண்டும், கண்ணாடியில் அவர் பெயரை எழுத வேண்டும். மதினியிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

மதினி முழுவதும் கேட்டுக்கொண்டார். "வண்டிய விக்கல தம்பி. மக ஓட்டுவா. பழைய ஸ்பிரிங்கு எல்லாம் பரண்லதான் கெடக்கு. அதையே திருப்பி மாட்டிக் குடுத்துருவீகளா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணன் ஆசை ஆசையாச் செஞ்சதுல்லா மதினி" என்றேன்.

"தெரியும் தம்பி. ஆனா விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரணும்லா. டவுன் பஸ்ஸு குலுக்கும். இது குத்தும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, மனசுக்குள் அவர் மேல்தான் ஆற்றாமை. கணவன் போன கையோடு அவன் ஆசையைப் பிரிக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். குழுவில் சொன்னபோது நீங்களும் அதையே சொன்னீர்கள். "அவங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒருவர் எழுதினார். நான் அதற்குக் கட்டைவிரல் போட்டேன்.

அடுத்த ஞாயிறு நீங்களெல்லாம் ராஜபாளையம் பக்கம் போனீர்கள். நான் தனியாகக் கொட்டகைக்குப் போனேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பானெட்டைத் திறந்தேன். அந்த ஷாக் அப்சர்பரில் சின்னத் திருகு ஒன்று உண்டு. ஒரு பக்கம் திருகினால் இறுகும், மறுபக்கம் திருகினால் தளரும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் வைத்துக் கொடுத்தவன் நான்தான். வலது பக்கம் முன்னும் பின்னும் நான் வைத்தபடியே இருந்தது. இடது பக்கம் இரண்டும் கடைசிவரை தளர்ந்து கிடந்தது. தானாகத் தளராது, ஒவ்வொரு படியாகக் கையால்தான் திருப்ப வேண்டும். அவர் விவரமில்லாமல் செய்திருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் தலையைத் தூக்கி இடது பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அதில் யாருக்கோ இடுப்புக்கு அண்டைகொடுக்கத் தலையணை ஒன்று கிடந்தது.

மதினி வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே தூக்குவாளியோடு நின்றார். "உள்ள வாங்க மதினி, நான் ஒருத்தன்தான இருக்கேன்" என்றேன். கொஞ்சம் தயங்கித்தான் வந்தார். திருகைக் காட்டி, அண்ணன் இதைத் தொட்டாரா என்று கேட்டேன்.

"எதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறதுக்கு முன்னால மூடியத் தெறந்து ஏதோ திருகுவாக. பொறவு பின்சக்கரத்துக்குள்ள கையவிட்டுத் திருகுவாக. போற வழியெல்லாம் 'இப்ப எப்படி இருக்கு, இப்ப எப்படி இருக்கு'ன்னு கேப்பாக. நான் பரவாயில்லம்பேன். எம்புட்டு நேரந்தான் அவுகளும் திருகுவாக, பாவம். பொறவு நான் பஸ்ஸுலயே போய்க்கிடுதேன்னு சொல்லிட்டேன்."

ஷாக் அப்சர்பரைத் தளர்த்தினால் மட்டும் என்ன ஆகும்? ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறதே. குத்தத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. "பழைய ஸ்பிரிங்கையே மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம்லா மதினி?" என்றேன்.

"கேட்டேன் தம்பி. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டாக. 'பொண்டாட்டி இடுப்புக்காக வண்டியக் கழட்டிட்டான்னு கூட்டாளிக சிரிப்பானுக'ன்னாக." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள்ளாம் அப்படிச் சிரிக்கிற ஆளுக இல்லன்னு நான் சொன்னேன்" என்றார்.

நண்பர்களே, நாம் சிரித்திருப்போம். அதைவிட நன்றாக ஒரு ஸ்டிக்கர் போட்டிருப்போம். அண்ணன் நம்மைச் சரியாகத்தான் எடைபோட்டு வைத்திருந்தார். அந்த அம்மா நம்மைப்பற்றி நல்லவிதமாகச் சொன்னது எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. டீயைக் குடிக்க முடியவில்லை. கொட்டகையில் குனிந்து போல்ட்டைத் தேடுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பரணிலிருந்து ஸ்பிரிங்குகளை இறக்கி, துடைத்து, அண்ணனின் பித்தளைச் சுத்தியலாலேயே தட்டிப் பூட்டினேன். நீங்கள் தொடக் கூடாது என்ற வண்டியில் இப்போது நாம் சேர்த்தது என்று ஒரு பாகம்கூட இல்லை. கோபப்படுகிறவர்கள் என்மேல் படுங்கள். மதினியிடம் யாரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க மதினியை உட்காரவைத்து விருதுநகர் ரோட்டில் சூலக்கரை வரைக்கும் ஓட்டினேன். வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் கதவின் மேல் இருக்கும் பிடியைப் பற்றி, சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொண்டார். வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. "இனிமே குத்தாது மதினி, சாஞ்சு உக்காருங்க" என்றேன். "தெரியுது தம்பி. கை தன்னால போகுது" என்றார். திரும்பி வரும்போதும் கை தன்னால் போய்க்கொண்டுதான் இருந்தது. அப்படியே அழுதுவிட்டார். ஓரமாக நிறுத்திவிட்டு நான் வெளியே போய் நின்றேன்.

குருசாமி அண்ணனைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதுவீர்கள். அவர் கைச்சுத்தம், நிதானம், சிரிப்பு எல்லாம் உண்மைதான். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் 'இப்ப எப்படி இருக்கு?' என்று அவர் விடாமல் கேட்ட கேள்விதான். நம்மிடம் வெட்கப்பட்டுக்கொண்டு, அவர் அதைத் தனியாகக் கேட்டார்.

போன வாரம் என் மனைவியோடு கோயிலுக்குப் போனேன். என் வண்டியும் அதே மாதிரி விறைப்பானதுதான். வேகத்தடை ஒன்றைத் தாண்டியதும், "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நெசத்தச் சொல்லு" என்றேன்.

"இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்?" என்றாள்.